நியூஸ்டார்: மறைந்திருக்கும் கருந்துளைகளுக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

வாயுவும் தூசியும் போர்த்திய கருந்துளையைப் பிடிக்க 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு (எக்ஸ் கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) மேலே போக வேண்டும். அங்கே எக்ஸ் கதிரைக் குவித்துத் துல்லியமாகப் படமெடுப்பதில் நாசாவின் விண்வெளித் தொலைநோக்கி நியூஸ்டார்தான் முன்னணியில் இருக்கிறது. 2012 ஜூனில் ஏவப்பட்டது. எல்லை 3 முதல் 79 வரை (இனி எல்லா ஆற்றல் எண்களும் இதே அலகில்). மங்கலான தூரத்து இலக்குகளுக்கு அந்த 79 வெறும் பேச்சுக்குத்தான். 22க்கு மேல் டிடெக்டருக்குள்ளேயே உண்டாகும் கோடுகள் (ஒரே ஆற்றலில் குவியும் கதிர்) பின்னணியைத் தூக்கிவிடும். 3–24ஐ மட்டும் நம்பித் திட்டம் போடுங்கள்.

இதன் உண்மையான பலம் செம்பெயர்ச்சி (தூரம் கூடக் கூட ஒளியின் ஆற்றல் குறைந்து தெரியும் அளவு) 1க்குக் கீழே. பார்வைக்கோட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.5×10²⁴ ஹைட்ரஜன் அணுக்களுக்கு மேல் இருந்தால், 10க்குக் கீழே நேரடி ஒளி ஏறக்குறைய செத்துவிடும். மிஞ்சுவது சிதறிய ஒளி, 6.4இல் இரும்புக் கோடு, 20–30இல் ஒரு மேடு. ஐரோப்பிய எக்ஸ் கதிர் தொலைநோக்கியான எக்ஸ்எம்எம்–நியூட்டன் தரும் நிறமாலையை மட்டும் வைத்துக்கொண்டால், மிதமான மறைப்பும் முழுதாக மறைக்கும் வாயுத் திரையில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒரேபோலத் தட்டையாகத் தெரியும். நியூஸ்டார் தரும் 8–24 புள்ளிகள்தான் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும்.

செம்பெயர்ச்சி 2க்குப் போனால் கணக்கு மாறுகிறது. சந்திரா (நாசாவின் இன்னொரு எக்ஸ் கதிர் தொலைநோக்கி) பார்க்கும் 0.5–8, மூலத்தின் இடத்தில் 1.5–24 ஆகிவிடும், மேட்டின் ஏறுமுகம் தானாகவே உள்ளே வந்துவிடுகிறது. சந்திரா 70 லட்சம் வினாடி பார்த்த ‘சந்திரா தென்புல ஆழ்களம்’ என்ற வான்பகுதியில் கிடைக்கும் மங்கலான இலக்குகளுக்கு நியூஸ்டார் நேரம் கேட்பது பெரும்பாலும் வீண். ஒரு எச்சரிக்கை: இரும்புக் கோடு அப்போது 2.13இல் விழும். சந்திரா கண்ணாடியின் இரிடியம் பூச்சால் சேகரிப்புப் பரப்பு சடாரென்று இறங்கும் இடமும் அதை ஒட்டித்தான். எக்ஸ்எம்எம்மின் தங்கப் பூச்சு 2.2 அருகே இதே வேலையைச் செய்யும். அங்கே கோடு கிடைத்ததாகச் சொன்னால் உடனே நம்பாதீர்கள்.

நியூஸ்டாரின் குறைகளில் முதலிடம் பின்னணிக்கு. கண்ணாடிக்கும் டிடெக்டருக்கும் நடுவில் 10 மீட்டர் திறந்த கம்பம்தான், குழாய் கிடையாது. வானத்தின் ஒளி கண்ணாடியைத் தொடாமலே பக்கவாட்டில் உள்ளே நுழையும். சில பாகை தள்ளியிருக்கும் பிரகாசமான மூலம்கூடப் படத்தில் பாதியை நனைத்துவிடும். விண்ணப்பிக்கும் முன்பே சிதறொளியைக் கணித்து, கலம் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பின்னணி ஓரத்துக்கு ஓரம் மாறுவதால், இலக்கு விழுந்த அதே டிடெக்டர் சில்லிலிருந்துதான் அதை எடுக்க வேண்டும்.

கூர்மையும் சுமார்தான். மையப் புள்ளியின் அகலம் 18 ஆர்க் செகண்ட் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்ட்). பாதி ஒளி அடங்க ஏறக்குறைய 1 ஆர்க் நிமிட விட்டம் வேண்டும். 30 ஆர்க் செகண்ட் ஆரத்தில் வட்டம் போட்டால் பாதி ஃபோட்டான்தான் கைக்கு வரும். அந்த வட்டத்துக்குள் வேறு மூலம் உண்டா என்று அரை ஆர்க் செகண்ட் கூர்மையுள்ள சந்திரா படத்தில் பாருங்கள். இருந்தால் இரண்டையும் சேர்த்தே பொருத்துங்கள்.

பலர் கோட்டைவிடுவது ஏ மாட்யூலில் (நியூஸ்டாரின் இரண்டு கண்ணாடி–டிடெக்டர் ஜோடிகளில் ஒன்று, மற்றது பி). அதன் வெப்பப் போர்வை கிழிந்திருப்பதால் அடியாற்றலில் பி மாட்யூலைவிடக் கூடுதல் ஃபோட்டான் வரும். பழைய அளவுத்திருத்தக் கோப்பைப் போட்டால் அது மூலத்தின் மென்கதிராகத் தோன்றி, மறைப்பின் அளவைக் குறைத்துக் காட்டும்.

புவியின் தாழ்வட்டப் பாதை என்பதால் பூமி அடிக்கடி மறைக்கும். 1 லட்சம் வினாடி கேட்டால் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஓடும். தரவைச் சுத்தப்படுத்தும் நியூபைப்லைன் மென்பொருளை ஓட்டும்போது, தென் அட்லாண்டிக் மேலே துகள்கள் மோதும் நேரத்தை வெட்டும் வடிகட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு கடுமையாக வைக்க வேண்டாம். முதலில் எண்ணிக்கை வீதத்தைப் பார்த்து, துள்ளல் இருந்தால் மட்டும் இறுக்குங்கள். மென்பொருளும் பழைய தரவுகளும் இலவசம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எக்ஸ்எம்எம்மும் அதே நாளில் பார்க்கும்படி நேரம் கேளுங்கள். மூலம் மாறிக்கொண்டே இருப்பதால், ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு நிறமாலைகளைச் சேர்த்துப் பொருத்தினால் பிரகாசம் மாறியதா, திரை மாறியதா என்று பிரிக்க முடியாது. பொருத்தும்போது வெறும் அடுக்குவிதியும் (ஆற்றல் ஏற ஏற ஒரே சீராக இறங்கும் நிறமாலை) ஒரு உறிஞ்சலும் போதாது. திரையில் பட்டுச் சிதறும் ஒளியையும் கணக்கில் எடுக்கும் மைடோரஸ் அல்லது போரஸ் மாதிரியை எடுங்கள். ஃபோட்டான் எண்ணிக்கை குறைவென்றால் பொருத்தத்தை அளக்கக் கை-வர்க்கம் வேண்டாம், குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற சி-ஸ்டாட் போதும். பின்னணி பூஜ்யமாக இருக்கும் கட்டங்கள் (நிறமாலையின் சிறு ஆற்றல் துண்டுகள்) வராதபடி, கட்டத்துக்குப் பின்னணியில் ஒரு எண்ணிக்கையாவது இருக்குமாறு சேர்த்துக்கொள்ளுங்கள்.