கோப்பு வந்து முடியும்வரை நிரலைக் காத்திருக்க வைப்பது: எந்த வழி நம்பத்தக்கது?

தானியங்கிப் பரிமாற்றம் முடிந்த பிறகே அடுத்த நிரல் ஓட வேண்டும் என்றால், பலரும் முதலில் நாடுவது, குறித்த நேரம் நிரலை நிறுத்திவைக்கும் ஸ்லீப் கட்டளையைத்தான். பத்து நிமிடம் போதும் என்று வைத்த இடைவெளி, கோப்பு பெருத்த நாளில் போதாமல் போகும். மற்ற நாள்களில் வீணாகும். இதைத் தீர்வாகவே கொள்ள முடியாது.

கோப்பின் அளவைச் சில நொடிகளுக்கு ஒருமுறை பார்த்து, அது மாறாமல் நின்றதும் தொடங்குவது சற்று மேல். ஆனால் நெட்வொர்க் தடுமாறி நின்றாலும் அளவு மாறாது. முழு இடத்தையும் முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளும் கருவியாக இருந்தால், பாதிக் கோப்பும் முழுக் கோப்பாகவே தெரியும்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 2005-இல் சேர்ந்த, கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் ஐநோட்டிஃபை வசதி, எழுதுவதற்காகத் திறக்கப்பட்ட கோப்பு மூடப்பட்ட உடனே அறிவித்துவிடுகிறது. வேகத்தில் இதற்கு ஈடில்லை. எனினும் பாதியில் இணைப்பு அறுந்து, சர்வர் கோப்பை மூடினாலும் அதே அறிவிப்புதான் வரும். கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் என்எஃப்எஸ் வழியாக வேறொரு கணினி எழுதினால் அறிவிப்பே வராது.

இம்மூன்றிலும் பெறும் பக்கம் ஊகிக்கிறது. பரிமாற்றம் முடிந்ததா என்பதை உறுதியாக அறிந்ததோ அனுப்பும் பக்கம். ஆகவே பரிமாற்றத்தை நம் நிரலே தொடங்குமானால், அந்தச் செயல் முடியும்வரை நின்று, அது திருப்பித் தரும் வெற்றி-தோல்வி எண்ணான வெளியேற்றக் குறியீட்டைப் பார்ப்பதே என் முதல் தேர்வு. பைத்தானில் வேறு நிரலை இயக்கும் சப்பிராசஸ்.ரன் தானாகவே காத்திருக்கும்; அதே வேலைக்கான பிஓபன் உடனே திரும்பிவிடும் என்பதால் அதில் வெயிட் அழைப்பைத் தனியே எழுத வேண்டும். குறியீட்டைப் பார்க்காமல் காத்திருப்பதில் பயனில்லை: கோப்புகளை நகலெடுத்து அனுப்பும் ஆர்சிங்க் கருவி 0 தந்தால் வெற்றி, 23 தந்தால் சில கோப்புகள் முழுமையாகச் சேரவில்லை, 24 தந்தால் அனுப்பவிருந்த கோப்பு இடையில் மறைந்துவிட்டது.

அனுப்புவது வேறொருவர் என்றால், பெயர் மாற்றும் முறையே சிறந்தது. 'விற்பனை.சிஎஸ்வி.பார்ட்' என்ற பெயரில் ஏற்றி, முழுவதும் சேர்ந்த பிறகு 'விற்பனை.சிஎஸ்வி' என்று மாற்றினால், இறுதிப் பெயரில் அரைகுறைக் கோப்பு ஒருபோதும் கண்ணில் படாது. ஆர்சிங்க் இயல்பாகவே இப்படித்தான் செய்கிறது. நேரடியாக இறுதிப் பெயரிலேயே எழுதும் இன்பிளேஸ் விருப்பத்தைக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இங்கே ஐநோட்டிஃபையும் கைகொடுக்கும், ஆனால் கவனிக்க வேண்டியது மூடப்பட்ட அறிவிப்பை அன்று, பெயர் மாறி வந்த அறிவிப்பை. இரண்டு பெயர்களும் ஒரே கோப்பு முறைமையில் (வட்டின் ஒரே பகுதியில்) இருப்பது கட்டாயம். இல்லையெனில் கோப்பை நகர்த்தும் எம்வி கட்டளை நகலெடுக்கத் தொடங்கி, பழைய சிக்கலையே திரும்பக் கொண்டுவரும்.

பல கோப்புகள் தொகுப்பாக வரும்போது பெயர் மாற்றம் மட்டும் போதாது. ஒவ்வொன்றின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணான ஷா-256 மதிப்பையும் தாங்கிய பட்டியல் கோப்பைக் கடைசியாக அனுப்பச் செய்து, அது வந்த பிறகே சரிபார்த்துத் தொடங்க வேண்டும்.

எந்த வழியானாலும் காத்திருப்புக்குக் காலவரம்பு வேண்டும். லினக்ஸின் டைம்அவுட் கட்டளை, வரம்பு கடந்தால் செயலை நிறுத்தி 124 என்ற குறியீட்டைத் தருவதால், தாமதத்தையும் தோல்வியையும் பதிவேட்டில் பிரித்தறிய முடியும்.