ஒரே நேரத்துல ஆறு ஃபைல் தொறந்து வச்சு வேல பாக்குறவனோட அனுபவம்

சென்னை பாரீஸ் கார்னர்ல தம்பு செட்டி தெரு பக்கம் ஒரு ஜாப் டைப்பிங் கடையிலதான் நான் வேலைக்கு சேந்தேன், அப்ப கடைல இருந்தது வேர்ட் 97. ஒரே பெரிய விண்டோ, எல்லா ஃபைலும் அதுக்குள்ளயே அடங்கிடும், கீழ டாஸ்க்பார்ல ஒரே ஒரு பட்டன். பிளெயின்ட்ட (வழக்கு போட்டவரோட மனு) பாத்துகிட்டே ரிட்டன் ஸ்டேட்மென்ட் (அதுக்கு எதிர்தரப்பு குடுக்குற பதில்) அடிக்கணும்னா விண்டோ மெனுவுக்கு போய் பேரு பாத்து மாத்தி மாத்தி வரணும், ஒரு நாளைக்கு எத்தன தடவன்னு கணக்கே கிடையாது.

அப்புறம் வேர்ட் 2000 போட்டாங்க, ஒவ்வொரு ஃபைலும் தனி விண்டோவா வர ஆரம்பிச்சுது. கடை ஓனர் பயந்துட்டாரு, "என்னப்பா பத்து வேர்ட் ஓடுது, சிஸ்டம் படுத்துக்க போகுது"ன்னு. பத்து இல்லண்ணே, ஓடுறது ஒண்ணுதான், ஜன்னல்தான் பத்துன்னு நான் சொல்லி அவரு நம்பவே இல்ல. ஆனா அது நெசம்தான், இன்னைக்கும் அப்படித்தான். அதனாலதான் ஒரு ஃபைல்ல ஃபான்ட் டயலாக்க தொறந்துட்டு மறந்து போய் இன்னொரு ஃபைல்ல அடிக்க போனா அது அசையாது, டொய்ங் டொய்ங்னு சத்தம் மட்டும் வரும். ஹேங் ஆயிடுச்சுன்னு நெனச்சு ரீஸ்டார்ட் பண்ணிடாதீங்க, மத்த விண்டோவுக்கு பின்னாடி அந்த டயலாக் எங்கயாச்சும் ஒளிஞ்சிருக்கும், தேடி மூடுங்க. எக்செல் இந்த தனித்தனி விண்டோ வழிக்கு வந்தது 2013லதான்.

இப்ப நான் வீட்லருந்தே மொழிபெயர்ப்பு பண்றேன், பெரும்பாலும் பத்திரம், ஒப்பந்தம். வியூ மெனுல சைடு பை சைடுன்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு ஃபைலும் சேந்தே ஸ்க்ரோல் ஆகும், பாக்க சூப்பரா இருக்கும். ஆனா இங்கிலீஷ்ல ஒரு பாரா தமிழ்ல ஒண்ணே கால் பாரா ஆயிடுதே, மூணாவது பக்கம் வர்றதுக்குள்ள ரெண்டும் வேற வேற ஊர்ல நிக்கும். அதனால எனக்கு அந்த சேந்து நகர்ற வசதி ஆஃப்தான். ஒரே பத்திரத்தோட பழைய டிராஃப்டயும் புது டிராஃப்டயும் ஒத்துப் பாக்க மட்டும் ஆன் பண்ணிக்குவேன்.

நான் உண்மையிலேயே கும்பிடுறது நியூ விண்டோவத்தான். பல பேருக்கு இது இருக்குறதே தெரியல. ஒரே ஃபைல ரெண்டு விண்டோல தொறக்கலாம், ஒண்ணுல அடிச்சா இன்னொண்ணுலயும் மாறும். நாப்பது பக்க கிரயப் பத்திரத்துல சர்வே நம்பரும் நாலு எல்லையும் கடைசில ஷெட்யூல்ல, அதாவது சொத்து விவரம் போடுற பகுதில இருக்கும், முன்னாடி பக்கத்துல அதயே திரும்ப எழுதணும். முன்னெல்லாம் மேலயும் கீழயும் ஓடி ஓடி ஒரு தடவ வடக்கயும் கிழக்கயும் மாத்தி அடிச்சு, வக்கீல் சாருகிட்ட நல்லா வாங்கி கட்டிக்கிட்டேன். லிப்ரே ஆபீஸ்லயும் விண்டோ மெனுல இதே வசதி உண்டு.

டேப் வச்சது நல்லாருக்கும்பாங்க. வேர்ட் மாதிரியே இருக்குற டபிள்யூபிஎஸ் சாஃப்ட்வேர்ல டேப்புதான், கூகுள் டாக்ஸும் பிரவுசர் டேப்புல கெடக்கும். சொல் பட்டியல், பழைய மாடல் பத்திரம் இதெல்லாம் போட்டு வைக்க டேப்பு ஓகே, ஆனா ரெண்ட ஒண்ணா பாக்கணும்னா பெரும்பாலும் டேப்ப வெளிய இழுத்து தனி விண்டோ ஆக்க வேண்டியிருக்கு, அப்புறம் என்ன டேப்பு.

தனி விண்டோவுல ஒரே தலவலி, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ரெண்டு பக்க திருத்தத்த தப்பான ஃபைல்ல அடிச்சுட்டு சேவும் பண்ணிருக்கேன், என் தப்புதான். அதுக்கப்புறம் மூல ஃபைல எப்பவும் ரீட் ஒன்லியா தொறந்து ஸூம 80க்கு இறக்கிடுவேன், நான் அடிக்கிற தமிழ் ஃபைல் 120. விண்டோஸ் 11 2021ல வந்தப்ப டாஸ்க்பார்ல பட்டன பேரோட தனித்தனியா காட்டுற செட்டிங்கே இல்ல, 2023லதான் திரும்ப குடுத்தாங்க, வந்த உடனே ஆன் பண்ணிட்டேன்.

போன வருஷம் ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு பழைய மானிட்டர் வாங்கி இடது பக்கம் வச்சிருக்கேன். மூலம் அதுல, என் தமிழ் வலது பக்கம், ஷெட்யூல் விண்டோ மட்டும் கீழ ஒரு ஓரமா சின்னதா. டெலிவரி அனுப்புற வரைக்கும் அத மூடுறதே இல்ல.