காணாமல் போன பந்தயத் தடத்தைத் தேட கூகுள் எர்த் ப்ரோ: சேலத்திலிருந்து ஒரு மதிப்புரை

கைவிடப்பட்ட பந்தயத் தடம் ஒன்றின் மிச்சம் எங்கே கிடக்கிறது என்று தேடுபவருக்குச் செலவில்லாமல் கிடைக்கும் கருவிகளில், செயற்கைக்கோள் படங்களால் உலகைக் காட்டும் கூகுள் எர்த் ப்ரோ மென்பொருளுக்கு இணையாக இன்னொன்றை நான் பார்க்கவில்லை. ஆனால் கண்ணில் பட்ட மிச்சம் உண்மையிலேயே பந்தயத் தடம்தானா என்று கேட்டால், அந்த மென்பொருள் வாய் திறக்காது. இந்த மதிப்புரையைப் படிப்பவர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2015 வரை ஆண்டுக்கு 399 டாலர் கட்டணம் கேட்ட இந்த மென்பொருள் அதன்பின் இலவசமாகிவிட்டது. நான் இங்கே பேசுவது கணினியில் நிறுவிக்கொள்ளும் ப்ரோ பதிப்பைப் பற்றி மட்டுமே. கைப்பேசிச் செயலி ஊர் சுற்றிப் பார்க்கப் போதும், ஆராய்ச்சிக்குப் போதாது.

எடுத்த எடுப்பிலேயே தெரியாத ஊருக்குப் பறந்துவிடாமல், தெரிந்த மண்ணை மேலிருந்து பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது. அதற்குச் சேலத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது. முதலில் காமலாபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதையை நீளம் அளக்கும் ரூலர் வசதியால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்து பாருங்கள். ஏறத்தாழ 1,800 மீட்டர் வரும். தெரிந்த நீளத்தோடு நம் கையளவு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துக்கொண்டால், பிறகு தெரியாத நீளத்தை அளக்கும்போது தடுமாற்றம் இருக்காது. அடுத்து கருப்பூர், செட்டிச்சாவடிப் பக்கம் நகர்ந்தால் வெள்ளைக்கல் சுரங்கங்கள் கண்ணைக் கூசவைக்கும். மேலிருந்து பார்க்கும்போது அந்த வெளுப்பும் பழைய கான்கிரீட்டின் வெளுப்பும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். நிறத்தை மட்டும் நம்பித் தடத்தைத் தேடக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அங்கிருந்து ஏற்காட்டுக்கு ஏறினால் இன்னும் கடினமான பாடம் காத்திருக்கிறது. சேர்வராயன் கோயிலை ஒட்டிய உச்சிப் பகுதியில் பாக்சைட் என்னும் அலுமினியத் தாது வெட்டிய இடங்களில் மண் பாதைகள் மேட்டை வளைத்துக்கொண்டு போகின்றன. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் யாரோ மலை உச்சியில் கார் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள் என்றே தோன்றும். ஆனால் நெருக்கிப் பார்த்தால், சுரங்கப் பாதை ஒரே உயரத்தில் மலையைச் சுற்றும் மட்டக்கோட்டைப் பின்பற்றிப் போய் வெட்டுமுகத்தில் முட்டி நின்றுவிடும். பந்தயத் தடமோ புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். அதன் வளைவுகள் ஒரே சீரான ஆரத்தில் இருக்கும். நீள நேர்ப்பகுதி ஒன்றாவது இருக்கும். அகலம் பெரும்பாலும் மாறாது. இந்த அடையாளங்களைப் பாக்சைட் மேட்டில் வைத்துக் கற்றுக்கொண்டவர் வேறெங்கும் எளிதில் ஏமாறமாட்டார். சில்வர் ஓக் நிழலில் காப்பி நிற்கும் தோட்டங்களுக்குள் மட்டும் இந்த வித்தை எதுவும் பலிக்காது. மரக்கவிகையின் அடியில் என்ன புதைந்திருந்தாலும் படம் காட்டுவது இலைகளைத்தான்.

ப்ரோ பதிப்பின் உயிர்நாடி, மேல்பட்டையில் இருக்கும் கடிகாரப் பொத்தான். அதை அழுத்தினால் அந்த இடத்துக்கு இருக்கும் பழைய படங்களை நாள்வாரியாக நகர்த்திப் பார்க்கலாம். 1980களைச் சேர்ந்த லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் மங்கல். அவற்றில் ஏரியும் நகரமும் தெரியும், தடம் தெரியாது. தெளிவான படங்கள் நம் பக்கத்துக்குப் பெரும்பாலும் 2000க்குப் பிறகுதான் கிடைக்கின்றன. எந்த ஆண்டு என்பதைவிட எந்த மாதம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு எடுத்த படத்தில் எல்லாமே பச்சையாக இருந்து ஏமாற்றும். அதே இடத்தின் மார்ச், ஏப்ரல் மாதப் படத்தை எடுத்தால், இறுகிய சரளைக்கும் கான்கிரீட்டுக்கும் மேல் மண் படிந்து முளைத்த புல் முதலில் காய்ந்து, புதைந்த தடத்தின் வடிவத்தைப் பழுப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். தொல்லியல்காரர்கள் வானிலிருந்து பழைய கோட்டைகளைக் கண்டுபிடிப்பதும் இதே வழியில்தான். படத்தின் தேதியைக் குறித்துக்கொள்ளாமல் யாரேனும் கண்டுபிடிப்பு என்று சொன்னால் நான் காது கொடுப்பதில்லை.

இந்த மென்பொருளின் பலத்தை ஒரே பார்வையில் உணர விரும்புவோர் ஸ்பெயினில் பார்சிலோனாவுக்குத் தென்மேற்கே உள்ள சிட்ஜெஸ் ஊருக்குப் போகலாம். 1923இல் கட்டி, கட்டியவர்களுக்கே பணம் தர முடியாமல் நொடித்துப்போன டெர்ராமார் தடம், இரண்டு கிலோமீட்டர் நீள முட்டை வடிவக் கான்கிரீட் வளையமாக ஏறத்தாழ முழுசாக அங்கே கிடக்கிறது. இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் இதற்கு நேர்மாறு. 1907இல் திறந்து, போர் வந்த 1939இல் மூடி, விமானத் தொழிற்சாலைக்குக் கொடுக்கப்பட்ட அந்தத் தடம் இப்போது கடை வளாகங்களுக்கும் சாலைகளுக்கும் நடுவே துண்டு துண்டாக நிற்கிறது. அங்கே பாதை வரையும் ‘பாத்’ (Path) வசதியால் ஒரு துண்டின் வளைவைத் தொடர்ந்து கோடு இழுத்து அடுத்த துண்டைப் பிடிப்பதில் இருக்கும் இன்பம் புதிர்ப் பிரியர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். நம் ஊட்டியில் 2024இல் அரசு மீட்டுக்கொண்ட குதிரைப் பந்தய மைதானத்தின் வளையத்தையும், படங்களை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கலாம்.

சென்னைக்கு அருகிலுள்ள சோழவரத்தில்தான் கருவி திணறுகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளமான அங்கேதான் 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது; கோயம்புத்தூரின் கார் பந்தய வீரர் கரிவர்தன் ஓட்டிப் புகழ்பெற்றதும் அங்கேதான். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தபின் சோழவரத்தின் பந்தய வாழ்வு முடிந்தது. படத்தில் சோழவரம் ஏரியை அடையாளம் வைத்துத் தேடினால் ஓடுபாதையைக் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் தெரிவது ஓடுபாதை மட்டும். பந்தயத்துக்கென்று ஒருபக்கம் உயர்த்தித் தனியாகக் கட்டிய சாய்வு வளைவோ நிரந்தரமான பார்வையாளர் மாடமோ இருந்தால்தானே மிச்சம் இருக்கும்? வைக்கோல் கட்டுகளையும் டிரம்களையும் வைத்து வளைவு அமைத்து, பந்தயம் முடிந்ததும் எடுத்துப் போய்விட்ட ஓர் இடத்தில் செயற்கைக்கோள் எதைப் படம் பிடிக்கும்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த, இளவயதில் சோழவரம் போய்வந்த பெரியவர் ஒருவரிடம் மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையை ஒட்டிக் குனிந்தவர், ஓடுபாதை திரும்பும் ஒரு மூலையில் விரலை வைத்து, "இங்கதான் தம்பி, வைக்கோல் அடுக்கியிருப்பாங்க. வண்டி மோதினா வைக்கோல் பறக்கும், ஜனம் கத்தும். ரேஸ் அன்னைக்குத்தான் இது டிராக்கு, மத்த நாளெல்லாம் வெறும் ஏரோட்ராம்" என்றார். அவர் விரல் வைத்த இடத்தைப் பெரிதாக்கினால் காய்ந்த புல்லும் விரிசல் விட்ட தளமுமே தெரிந்தன. அந்த இடத்தில் ஒரு குறிமுள்ளை நட்டு, அவர் சொன்னதை விளக்கக் கட்டத்தில் அப்படியே தட்டச்சு செய்து, இந்த மென்பொருளில் திறக்கக்கூடிய கேஎம்இசட் (KMZ) கோப்பாகச் சேமித்தேன். இந்த மென்பொருளில் நான் மிகவும் மதிக்கும் வசதி இதுதான்: நினைவில் இருப்பதை நிலத்தில் ஓர் இடத்தோடு கட்டிவைக்க முடிகிறது, அதை இன்னொருவருக்கு அனுப்பி, அவருடைய நினைவோடு ஒத்துப்பார்க்கவும் முடிகிறது.

பழைய படங்களை மேலே போர்த்திப் பார்க்கும் இமேஜ் ஓவர்லே வசதியையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள் 1995இல் இரகசிய நீக்கம் பெற்றன. ஏற்கெனவே ஸ்கேன் செய்யப்பட்டவற்றை அமெரிக்கப் புவியியல் ஆய்வு அமைப்பான யுஎஸ்ஜிஎஸ் (USGS) தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அவற்றுள் ஒன்றைப் போர்த்தி, ஒளிபுகும் அளவைக் குறைத்துக் கூட்டினால், இன்று வீட்டுமனை ஆகிவிட்ட இடத்தில் அன்று என்ன இருந்தது என்று தெரியவரும். படத்தைச் சரியான இடத்தில் உட்காரவைப்பதுதான் பெரும்பாடு. கோயில் குளம், இரயில் பாதைக் குறுக்கீடு, ஏரிக்கரையின் மூலை என்று இடம் மாறாத புள்ளிகளைப் பிடித்து இழுத்துப் பொருத்தப் பொறுமை வேண்டும்; பொறுமை இல்லாதவர் இந்தப் பக்கமே போகாமல் இருப்பது உத்தமம்.

குறைகள் என்றால், உயரக் கணக்கை நம்பித் தீர்ப்பு எழுதிவிடக்கூடாது. நிலமட்டத் தரவு பல இடங்களில் பருமட்டானது என்பதால், இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காடு மலைப்பாதையின் உயர வரைபடத்தைக் கேட்டால் சாலை மேலும் கீழும் துள்ளுவதாகக் காட்டும். சில மீட்டர் உயரச் சாய்வு வளைவு அந்தத் தரவில் கரைந்தே போகும். வெவ்வேறு ஆண்டுப் படங்கள் சில மீட்டர் தள்ளி அமர்வதும் உண்டு. மலைப்பகுதியில் அது கூடுதல். ஆகவே இரண்டு ஆண்டுப் படங்களை ஒப்பிட்டுத் தடம் நகர்ந்துவிட்டது, விரிந்துவிட்டது என்றெல்லாம் எழுதுமுன் அருகிலுள்ள ஒரு கட்டடமும் சேர்ந்து நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சோழவரம் போன்ற பாதுகாப்புத் துறை நிலங்களில் திரையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அனுமதியின்றி உள்ளே நுழைவது ஆராய்ச்சி ஆகாது.

பழைய கணினி வைத்திருப்பவர்கள் முப்பரிமாணக் கட்டட அடுக்கை அணைத்துவிட்டால் படம் திக்காமல் நகரும். வீட்டிலேயே அந்தப் பகுதி முழுவதையும் ஒருமுறை நெருக்கத்தில் உலாவிப் பார்த்துவிட்டுப் புறப்பட்டால், அந்தப் படங்கள் கணினியின் தற்காலிகச் சேமிப்பில் தங்கிவிடும். ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் சிக்னல் அறுந்துபோன பிறகும் மடிக்கணினியைத் திறந்து, நிற்கும் இடத்தையும் படத்தையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.