ஹேண்ட்பிரேக்: ஒரே டிவிடில 18 எபிசோடு

வீட்ல பழைய சீரியல் டிவிடி ஒரு மூட்டை கெடக்கு, ஒவ்வொண்ணுலயும் நாலே எபிசோடு. ஹேண்ட்பிரேக்குங்கிறது வீடியோவ சின்ன ஃபைலா சுருக்குற ஓசி சாப்ட்வேர்தான், ஆனா வேலை சுத்தம். அதுல எக்ஸ்264ங்கிற சுருக்குற முறைய எடுத்து, ஆர்எஃப் (படத்தோட தரத்துக்கான நம்பர்) 20 வச்சு ஓட்டுனேன், ஒரு ஜிபி இருந்த எபிசோடு 230 எம்பிக்கு வந்துருச்சு, மூஞ்சி கட்டம் கட்டமா உடையல, பட்டுப்புடவை ஜரிகைகூட அப்படியே தெரியுது. 4.7 ஜிபினு போட்டிருக்க டிஸ்க் கம்ப்யூட்டர் கணக்குல 4.37தான், அதுலயே 18 அடங்கிருச்சு. அசையுற சீன்ல கோடு கோடா வந்தா டீஇன்டர்லேஸ் ஆன் பண்ணிக்கோங்க, நான் அத மறந்துட்டு ராத்திரி பூரா ஓட்டுனத மறுபடி ஓட்டுனேன் (கரண்ட் பில்ல நெனச்சா வயிறு எரியுது). குறைனா, இது டிஸ்க் பர்ன் பண்ணாது, அதுக்குத் தனி சாப்ட்வேர் வேணும், அம்மாவோட பழைய டிவிடி பிளேயரும் இந்த எம்பி4 ஃபைல எடுக்கல, லேப்டாப்லதான் பாக்குறாங்க.