அவுரி வேரழுகலுக்கு டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ்: நாலு வருஷம் போட்டுப் பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாடித் தலை சாய்ந்த செடியைக் காப்பாற்றத்தான் டிரைக்கோடெர்மா என்கிற பூஞ்சையும் சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியாவும் கலந்து விற்கிற இந்தப் பவுடர்களைத் தேடுகிறீர்கள் என்றால் வாங்க வேண்டாம், காசாவது மிஞ்சும். நான் 2021-ல் அப்படித்தான் ஆரம்பித்து ஏமாந்தேன்.

நிலம் ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பக்கம், கடல் காற்று நேரே அடிக்கிற மணற்பாங்கான ஒன்றரை ஏக்கர், சுற்றிலும் பனை. போடுவது அவுரி. சாயத்துக்கான அவுரி இல்லை, மலமிளக்கி மருந்துக்குப் போகிற சென்னா, தூத்துக்குடி வியாபாரிகள் இலையும் காயும் எடுக்கிறார்களே, அது. புரட்டாசி கடைசியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பச்சென்று வந்துவிடும். தை பிறந்து மணலில் ஈரம் இறங்கினதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாட ஆரம்பிக்கும், தண்ணீர் போதவில்லை என்றுதான் முதலில் தோன்றும். பிடித்து இழுத்தால் செடி கையோடு வரும், பக்க வேர் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. ஆணிவேரின் தோலை நகத்தால் கீறினால் நார் நாராக உரியும், உள்ளே கரித்தூளைத் தூவின மாதிரி பொடிப்பொடிக் கறுப்புப் புள்ளிகள். மேக்ரோபோமினா என்கிற பூஞ்சை வருஷக்கணக்கில் மண்ணில் கிடப்பது இந்தப் புள்ளிகளாகத்தான். சூடும் வறட்சியும் அதற்குக் கொண்டாட்டம், நம் மாவட்டத்தில் இரண்டுக்கும் பஞ்சமா? எள், உளுந்து, நிலக்கடலை எல்லாவற்றிலும் இதே ஆள்தான், அதனால் ஒரு போகம் உளுந்து போட்டு மண்ணை ஆற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கும் நடக்காது.

முதல் வருஷம், வாடின செடிக்கெல்லாம் டிரைக்கோடெர்மா விரிடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. தோல் உரிந்த வேரில் காப்பாற்ற என்ன இருக்கிறது? இரண்டாம் வருஷம் புத்தி வந்து, கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் விதை நேர்த்தி செய்தேன். ஆனால் விதை கொடுத்தவர் ஏற்கெனவே கார்பன்டாசிம் என்கிற பூஞ்சைக்கொல்லியைக் கலந்திருக்கிறார், அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதானே, எலிக்கு வைத்த விஷத்தைப் பூனைக்கும் ஊட்டின கதையாகிவிட்டது. அந்த வருஷமும் போச்சு.

மூன்றாம் வருஷம்தான் விஷயம் பிடிபட்டது. எங்கள் மணலில் அங்ககச் சத்து அநேகமாக இல்லை, வெறும் பவுடரைத் தூவினால் அதற்குச் சாப்பிட ஒன்றும் கிடையாது. ஒரு கிலோ பவுடரை 50 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து, ஓலைக் கொட்டகை நிழலில் குவித்து, கருப்பட்டித் தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கால் மூடினேன். இரண்டு வாரம் கழித்துச் சாக்கை விலக்கினால் வெள்ளை நூல் படர்ந்து, அதன்மேல் பாசிப்பச்சை மாவாகப் பூத்திருந்தது, குனிந்தால் லேசாகத் தேங்காய் வாசம் வேறு. அடுத்த காட்டு மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, பூசணத்தை ஒழிக்கப் பூசணத்தையே காசு கொடுத்து வாங்குறியா?" என்றார். உண்மையில் அதேதான் மாமா. இது அந்த நோய்ப் பூஞ்சையின் இழையைச் சுற்றிக்கொண்டு அதன் சுவரைக் கரைத்துத் தின்கிறது. 1932-லேயே வைண்ட்லிங் என்கிற ஆராய்ச்சியாளர் எழுதி வைத்த சங்கதி.

நாலாம் வருஷம் சூடோமோனாஸையும் சேர்த்தேன், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பிஎஃப் 1 ரகம், கிலோ விதைக்கு 10 கிராம், அப்புறம் ஏக்கருக்கு ஒரு கிலோவைத் தொழு உரத்தோடு. என்னைக் கேட்டால் எங்கள் மண்ணுக்கு இதுதான் கூடுதல் தோது. டிரைக்கோடெர்மாவுக்குக் கொஞ்சம் புளிப்பான மண் பிடிக்கும், எங்களுடையது களர் வாடை அடிக்கிற மண். அந்த மாதிரி மண்ணில் இரும்புச் சத்து கரையாமல் கிடக்கும், இந்தப் பாக்டீரியா அதைப் பிடித்து இழுக்கிற ஒரு பொருளைச் சுரந்து, கிடைக்கிற கொஞ்ச இரும்பையும் நோய்ப் பூஞ்சைக்கு முன்னால் தான் எடுத்துக்கொள்ளும்.

குறை சொல்ல வேண்டியதும் இருக்கிறது. பவுடரின் ஆயுசே நாலைந்து மாசம், ஒரு கடையில் அது முடிந்ததை எனக்குக் கொடுத்தார்கள், அதுவும் வாசலில் வெயில் படுகிற அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து. உரத்தில் இரண்டு வாரமாகியும் பச்சை பூக்காதபோதுதான் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்த்தேன். கரைப்பதற்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், பிளீச்சிங் வாடை அடிக்கிற தண்ணீரில் பாக்டீரியா எங்கே பிழைக்கும்? ஊருணித் தண்ணீர் எடுங்கள், அல்லது டிரம்மில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள்.

பலன்? முதல் வருஷம் ஒரு பாத்தியில் நூறு செடிக்கு முப்பதுக்கு மேல் போனது, போன பட்டத்தில் அதே பாத்தியில் ஏழு. மழையும் போன பட்டத்தில் கொஞ்சம் தள்ளிப் பெய்தது, அதனால் முழுப் பெருமையும் பவுடருக்கே என்று சொல்ல மாட்டேன். கிணற்று மேட்டு மூலையில் உப்புப் பூத்துக் கிடக்கிற இடத்தில் மட்டும் எதைப் போட்டும் செடி நிற்கவில்லை. வரும் புரட்டாசிக்கு அங்கே விதைக்கப்போவதில்லை, சித்தப்பா பனங்கொட்டை ஊன்றிவிடச் சொல்கிறார்.