எஸ்மோலாலா, ஃபென்டனிலா?

மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவதற்காக லாரிங்கோஸ்கோப்பின் (குரல்வளையைப் பார்க்க உதவும் கருவி) அலகு நாக்கடியைத் தூக்கிய சில நொடிகளிலேயே நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறத் தொடங்கி, ஓரிரு நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் தணிந்துவிடும். ஆரோக்கியமானவர் இதைத் தாங்கிக்கொள்வார். இதயத் தமனி அடைப்புள்ளவருக்கோ மூளை இரத்தக்குழாயில் புடைப்பு உள்ளவருக்கோ இதுவே ஆபத்தாகலாம். இந்த எகிறலை அடக்கத் தரப்படும் இரு மருந்துகள் எஸ்மோலாலும் ஃபென்டனிலும். இவற்றில் எதைத் தேர்வது?

எஸ்மோலால் பெரும்பாலும் இதயத்தின் பீட்டா-1 ஏற்பிகளையே (அட்ரினலினின் தூண்டலை ஏற்று இதயத்தை வேகப்படுத்துபவை) தடுக்கிறது. சிவப்பணுக்களில் உள்ள எஸ்டரேஸ் நொதி அதை உடைத்துவிடுவதால் அதன் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும் நேரம், சுமார் 9 நிமிடங்கள்தான். குறுகிய நேரத் தொல்லைக்குக் குறுகிய நேர மருந்து என்பதே அதன் அழகு. ஆயினும், நாடியை அடக்கும் அளவுக்கு அது அழுத்தத்தை அடக்குவதில்லை. ஆஸ்துமா உள்ளவரிடம் எச்சரிக்கை வேண்டும்.

ஓபியாய்டு வகை வலிநிவாரணியான ஃபென்டனில் வலியுணர்வின் வழியையே மட்டுப்படுத்துவதால் நாடி, அழுத்தம் இரண்டையும் தணிக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மைக்ரோகிராம் வரை, மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் முன்னதாகவே செலுத்த வேண்டும். அவசரத்தில் இந்தக் காத்திருப்புதான் முதலில் தவறிப்போகிறது. சுவாசத்தை ஒடுக்கும் அதன் குணம் சிறு அறுவைச் சிகிச்சையின் முடிவிலும் தொடரலாம். நாடி மட்டுமே கவலையென்றால் நான் எஸ்மோலாலையே நாடுவேன். அழுத்தமும் சேர்ந்து உயரக்கூடாதவருக்கு ஃபென்டனிலே பொருத்தம்.