படத்தை மாட்டப் பணம் கேட்கும் ‘பன்னாட்டுக் கண்காட்சி’கள்: கவின்கலைப் பட்டதாரிகளுக்கு ஓர் எச்சரிக்கை

கவின்கலை படித்து முடித்து வெளியே வரும் இளைஞர்களைக் குறிவைத்து, ‘பன்னாட்டு ஓவியக் கண்காட்சி’ என்ற பெயரில் பங்கேற்புக் கட்டணம் வசூலிக்கும் ஏற்பாட்டாளர்கள் பெருகிவிட்டனர். அப்படிப்பட்ட ஒருவரிடம் நானும் என்னுடன் படித்த நண்பர்கள் இருவரும் பணத்தையும் ஓவியங்களையும் கொடுத்து ஏமாற்றப்பட்ட விதத்தை, இந்த ஆண்டு பட்டம் பெறுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. இவர்கள் பெயரையும் முகவரியையும் மாற்றிக்கொள்வார்கள். வசூலிக்கும் முறை மட்டும் மாறுவதில்லை.

இவர்களுக்கு இத்தனை பேர் எங்கிருந்து கிடைக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, படிப்புக்குப் பிறகு எங்களுக்கு இருக்கும் வழிகளைப் பார்த்தால் போதும். 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியிலும் 1887இல் தொடங்கிய கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியிலும் பி.எஃப்.ஏ. என்ற நான்காண்டு கவின்கலை இளநிலைப் பட்டம் படித்து முடிக்கிறோம். காட்சிவழித் தகவல் வடிவமைப்புப் பிரிவினர் விளம்பர நிறுவனத்திலோ, திரைப்படக் கலை இயக்கத்திலோ, கணினி விளையாட்டு நிறுவனத்திலோ நுழைந்துவிடுகிறார்கள். வண்ணக்கலையும் சிற்பமும் படித்தவர்களுக்குக் கதவுகள் குறைவு. பள்ளி ஓவிய ஆசிரியர் பணியை நம்பலாம் என்றால், ஓவியம் போன்ற பாடங்களுக்கான சிறப்பாசிரியர்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2017இல் நடத்திய தேர்வைப் பற்றித்தான் மூத்தவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாயில் தொடங்கிப் பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். கல்லூரியில் கற்பிக்க வேண்டுமானால் எம்.எஃப்.ஏ. என்ற முதுநிலைப் பட்டம் படித்து, ‘நெட்’ அல்லது ‘செட்’ என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். இந்த நிலையில், “உங்கள் ஓவியம் விற்கும், அதற்கு நான் வழி செய்கிறேன்” என்று ஒருவர் சொல்வதைக் கேட்க ஆள் இல்லாமல் போகாது.

எங்களுக்கு வந்த அழைப்பு கல்லூரியின் இறுதியாண்டுக் கண்காட்சி முடிந்த கையோடு வந்தது. பேசியவர் தம்மைக் ‘கியூரேட்டர்’, அதாவது கண்காட்சிக்குப் படங்களைத் தேர்ந்தெடுத்து அமைப்பவர், என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, இன்ஸ்டாகிராமில் என் ஓவியங்களைப் பார்த்ததாகவும், நடுவர் குழுவின் பரிசீலனைக்கு மூன்று படங்களின் புகைப்படங்களை அனுப்புமாறும் கேட்டார். மறுநாளே ‘தேர்வுக் கடிதம்’ வந்துவிட்டது. ஓர் ஓவியத்துக்கு 9,500 ரூபாய் பங்கேற்புக் கட்டணம், கேட்லாக்கில் ஒரு பக்கத்துக்கு 2,000 ரூபாய், இவற்றுக்கு மேல் 18 விழுக்காடு வரி என்று அதில் இருந்தது. வெளிநாட்டு வாங்குநர்களும் ஓட்டல்களுக்கு உள்ளலங்காரம் செய்பவர்களும் வருவார்கள், விற்காத படங்கள் ஏற்பாட்டாளர் செலவிலேயே வீட்டுக்குத் திரும்பி வரும், அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ‘சர்வதேச ஓவியர்’ சான்றிதழ் கூடுதல் தகுதியாகும் என்றெல்லாம் வாய்மொழியாக உறுதி கூறினார். கடைசியில் சொன்னது பச்சைப் பொய் என்பதைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன்: ஓவிய ஆசிரியர் பணிக்கு விதிகளில் உள்ள கல்வித் தகுதிதான் கணக்கு, தனியார் கொடுக்கும் சான்றிதழுக்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

“சோழமண்டலத்தை ஆரம்பித்தவர்களும் கைக்காசு போட்டவர்கள்தான், தம்பி” என்றும் அவர் சொன்னார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற அந்தக் கலைஞர் கிராமத்தை அமைத்தபோது, பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று வாழ்க்கையை ஓட்டினார்கள். வெளியாள் எவரும் அவர்களிடம் சுவருக்கு வாடகை வசூலித்துப் பிழைக்கவில்லை. அந்தப் பெயரை இந்த வியாபாரத்துக்கு இழுத்ததைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கண்காட்சி நடந்த இடம் சென்னையில் ஓர் ஓட்டலின் விருந்துக்கூடம். கல்யாண வரவேற்புக்குப் போடும் தடுப்புப் பலகைகளின் மேல் துணி சுற்றி, படங்களை மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் நெருக்கி மாட்டியிருந்தார்கள். தனி விளக்குகள் இல்லாததால் கூரையின் மஞ்சள் விளக்கில் என் நீலங்கள் எல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தன. மூன்றடிக்கு நான்கடி அளவுள்ள என் படத்தின் கீழ் விளிம்பை ஒரு நாற்காலியின் முதுகு மறைத்திருந்தது. பெயர்ச்சீட்டில் என் பெயருக்கு அருகில் வேறொருவருடைய படத்தின் தலைப்பு இருந்தது. ‘பன்னாட்டு’ என்ற சொல்லுக்கு ஆதாரமாக அங்கே இருந்தவை, வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சலில் வந்து ஃபிளக்ஸ் கடையில் அச்சிடப்பட்ட சில படங்கள் மட்டுமே. வந்த கூட்டம் பங்கேற்ற ஓவியர்களும் அவர்களுடைய பெற்றோரும்தான். மாலையில் சிறப்பு விருந்தினர் ஒருவர் மேடையேற, எல்லோருக்கும் பொன்னாடை, எல்லோருக்கும் கேடயம், எல்லோருக்கும் ‘சிறந்த ஓவியர்’ விருது. அந்தக் கூடத்தில் பணம் கொடுத்து எதையேனும் வாங்கியவர்கள் நாங்கள்தான் என்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது. சுவரில் இருந்த படங்களின் எண்ணிக்கையைக் கட்டணத்தால் பெருக்கிப் பார்த்தால், ஒரு படம்கூட விற்காமலேயே ஏற்பாட்டாளருக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கணக்கிடக் கடினமில்லை.

உண்மையான தொல்லை அதற்குப் பிறகே தொடங்கியது. ‘வாங்குநர் ஒருவர் ஆர்வம் காட்டுகிறார்’ என்று சொல்லிப் படங்களை வைத்துக்கொண்டவர்கள், பல மாதங்கள் கழித்து ‘கிடங்குக் கட்டணம்’ கேட்டார்கள். கடைசியில் கூரியரில் என் படம் வந்தபோது, ஸ்ட்ரெச்சர் சட்டத்திலிருந்து கேன்வாஸைப் பிடுங்கி, வண்ணப்பரப்பு உள்பக்கம் இருக்கும்படி இறுக்கமாகச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் திணித்திருந்தார்கள். சுருட்டியே தீர வேண்டுமானால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி, அகலமான உருளையில் சுற்ற வேண்டும் என்பது ஓவியத்தோடு பழகிய எவருக்கும் தெரியும். தடித்த எண்ணெய் வண்ணம் பூசிய பகுதி முழுவதும் குறுக்கே வெடித்து, பிரிக்கும்போதே செதில் செதிலாக உதிர்ந்தது. என் நண்பரின் கோயில் குளத்து ஓவியமோ, அவருக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் ஒரு மேசை நாட்காட்டியில் அச்சாகி விற்பனைக்கு வந்திருந்தது. கேட்டதற்கு, விண்ணப்பப் படிவத்தின் கடைசியில் ‘படங்களை ஏற்பாட்டாளர் பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி இருப்பதைக் காட்டினார்கள்.

அந்த ஒரு வரியைக் காட்டி அவர்கள் மிரட்டினால் பயப்பட வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தருவதற்கு எழுத்தும் கையொப்பமும் தேவை. எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்பதும் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் மட்டுமே என்று கொள்ளப்படும். படத்தை விற்றுவிட்ட பிறகும், தன் பெயரால் அது அறியப்படும் உரிமையும், தன் மதிப்புக்குக் கேடு வரும்படி அதைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் 57ஆம் பிரிவின்படி ஓவியருக்கு உண்டு. டெல்லியில் உள்ள மத்திய அரசின் மாநாட்டுக் கூடமான விஞ்ஞான் பவனிலிருந்து அகற்றப்பட்டுச் சேதமடைந்த சுவர்ச்சிற்பம் குறித்துச் சிற்பி அமர்நாத் செகல் தொடுத்த வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் இந்தப் பிரிவின்படி மத்திய அரசுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. இவற்றைக் குறிப்பிட்டு ஒரு வழக்கறிஞர் மூலம் கடிதம் அனுப்பிய பிறகே நாட்காட்டி விற்பனை நின்றது.

ஒழுங்காக நடக்கும் கலைக்கூடம், படம் விற்றால் விலையில் மூன்றிலொரு பங்கிலிருந்து பாதி வரை எடுத்துக்கொள்ளும். அதனால் விற்பதற்கு அதுவே முயற்சி எடுக்கும். முன்கூட்டியே ஓவியரிடம் முழுப் பணத்தையும் வாங்கிவிட்டவருக்கு அந்தக் கவலை இல்லை. கூடத்தை நாமே வாடகைக்கு எடுத்துப் படம் வைப்பது வேறு விஷயம். அதில் என்ன கொடுக்கிறோம், என்ன கிடைக்கிறது என்பது முதலிலேயே தெரியும். சென்னை கிரீம்ஸ் சாலையில், தேசியக் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் மண்டல மையம் இருக்கிறது. அகாடமி நடத்தும் தேசியக் கண்காட்சிக்கு விண்ணப்பிக்கலாம். 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய பண்பாட்டு அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை தருகிறது. படித்துக்கொண்டிருக்கும்போதே கொச்சியில் நடக்கும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சியான கொச்சி பினாலேயின் மாணவர் பிரிவைக் கவனித்து வாருங்கள். இவை எவற்றிலும் இடம் கிடைப்பது எளிதன்று என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

எங்களுக்குத் தரப்பட்ட ரசீதில் 18 விழுக்காடு வரி இருந்தது, ஜி.எஸ்.டி. பதிவு எண் இல்லை. புகாரில் இதுவே எங்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏற்பாட்டாளர் சென்னையில் இருந்தாலும், புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். நாம் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதே போல் பணம் கட்டியவர்கள் தேர்வுக் கடிதம், ரசீது, வங்கிப் பரிமாற்ற விவரம், படத்தை ஒப்படைக்கும்முன் எடுத்த புகைப்படம், திரும்பி வந்த நிலையில் எடுத்த புகைப்படம், வாட்ஸ்அப் உரையாடல்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி வையுங்கள். புகார் கொடுக்கச் சட்டம் அளிக்கும் காலம், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். ‘அடுத்த கண்காட்சியில் கழித்துக்கொள்கிறோம்’ என்று அவர்கள் நாளைக் கடத்துவது அந்தக் காலத்தைத் தீர்ப்பதற்காகத்தான்.